வெருகலில் மரமும் வாளும்: கோடாலியிலிருந்து மின்கலச் சங்கிலி வாள் வரை

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவை அடையும் முன்பே அதிலிருந்து பிரிந்துவிடும் ஒரு கிளைக்கு வெருகல் ஆறு என்று பெயர். திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லையாகக் கிழக்கு நோக்கி ஓடி அது கடலில் கலக்கிறது. அதன் கரையிலுள்ள சித்திர வேலாயுத சுவாமி கோயிலைச் சூழ்ந்தும், வடக்கே ஈச்சிலம்பற்று வரையிலும் பரந்து கிடக்கும் ஊர்களின் பெயர்களில் பல, மரத்தின் பெயராகவோ மரம் வெட்டித் திருத்திய நிலத்தின் பெயராகவோ அமைந்துள்ளன. மாவடிச்சேனையில் மாவும், புன்னையடியில் புன்னையும், ஈச்சிலம்பற்றில் ஈச்சும் இருக்கின்றன. காட்டின் ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பல் நிலத்தில் ஓரிரு போகம் குரக்கன், சோளம் போன்றவற்றை விளைவித்துவிட்டு, நிலத்தை மறுபடியும் காடாக விட்டு அடுத்த துண்டுக்கு நகரும் பயிர்முறைக்கு இலங்கைத் தமிழில் சேனை என்று பெயர். ஆகவே மாவடிச்சேனை, அயலிலுள்ள சேனையூர் முதலிய பெயர்கள் கோடாலி நடந்து சென்ற வழியை இன்றும் சொல்லி நிற்கின்றன.

இந்த ஊர்களில் வீட்டுவளவில் சாய்ந்த மாமரத்தையோ காய்ந்த வேம்பையோ துண்டுபோட வேண்டியவர் முன் இன்று புதியதொரு கேள்வி நிற்கிறது: பெற்றோலில் ஓடும் சங்கிலி வாளை வாங்குவதா, மின்கலத்தில் ஓடுவதை வாங்குவதா என்பதே அது. கடைக்காரர் விலையையும் எடையையும் சொல்லி இதற்கு விடை கூறிவிடலாம். ஆயினும் இப்பிரதேசத்தின் மரத்தொழில் வரலாற்றைப் பார்த்தால், எந்தக் காலத்திலும் எந்தக் கருவி நிலைத்தது என்பதை இரண்டு காரணங்களே பெரும்பாலும் முடிவுசெய்தன என்பது புலப்படும். ஒன்று, வெட்டப்படும் மரத்தின் வைரம். மற்றையது, கருவிக்கு ஊட்டப்படும் தீனி யாருடைய கையில் இருந்தது என்பது. கோடாலிக்குத் தீனி மனித உடலின் வலு, பெற்றோல் வாளுக்குக் கடல்கடந்து வரும் எண்ணெய், மின்கல வாளுக்குக் கம்பிவழி வரும் மின்சாரம்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். வெருகலைச் சூழ்ந்த காடு உலர் வலயக் காடு. ஆண்டின் மழையில் பெரும்பகுதி மாரியில், வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிட, மீதி மாதங்களை மரங்கள் வெயிலோடு கழிக்கின்றன. மெதுவாக வளரும் இத்தகைய மரங்களின் நடுக்கட்டை இறுகி வைரம் பாய்ந்திருக்கும். பாலைமரம் இதற்குச் சிறந்த சான்று. இனிய பழம் தருகின்ற, கரடியும் குரங்கும் சிறுவரும் ஒருங்கே தேடுகின்ற இம்மரத்தின் கட்டை நீரில் போட்டால் மிதக்காது, அமிழ்ந்துவிடும். முதிரையும் கருங்காலியும் வீரையும் இந்த வரிசையில் வருபவை. ஆற்றங்கரையிலோ மருது பெருத்து நிற்கிறது. கடனீரேரிகளின் ஓரங்களில் கண்டலும் கண்ணாவும் சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. இவற்றுக்கு எதிர்முனையில் வீட்டுவளவு மரங்கள் உள்ளன. முருங்கையும் மாவும் பூவரசும், வேலியில் உயிரோடு நடப்படும் கதியால்களாகிய கிளுவையும் கிளிசரியாவும் மென்மையானவை. கத்தியே போதும் என்று சொல்லத்தக்கவையும் அவற்றுள் உண்டு. ஒரே ஊரில், ஒரே வீட்டுக்காரர் கையில், இவ்விரு உலகங்களும் வந்து சேர்வதால்தான் இங்கு கருவியைத் தேர்வது எளிதாக இல்லை.

திருகோணமலையின் துறைமுகங்கள் எழுத்து வரலாற்றில் இடம்பெற்ற கதைகளுள் மிகவும் அறியப்பட்ட ஒன்று, மரம் தேடி வந்த கப்பலின் கதையாகும். 1659 நவம்பர் 19ஆம் திகதி மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் தன் நடுப் பாய்மரத்தை வெட்டியெறிய நேர்ந்தது; கப்பலைச் செப்பனிட்டுப் புதிய பாய்மரம் நாட்டுவதற்கு ஏற்ற இடம் கொட்டியாரக் குடா எனக் கருதப்பட்டது. செப்பனிடும் காலத்தை வீணாக்காமல் வணிகமும் செய்யலாம் என்று, துணிப் பொதிகளோடு பரங்கிப்பேட்டை வணிகர்களையும் ஏற்றிக்கொண்டு அது அங்கு வந்தது. கப்பலின் தலைவரும் அவருடைய மகன் றொபேர்ட் நொக்ஸும் தோழர்களும் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டதும், மகன் 1679இல் தப்பிச் சென்று 1681இல் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டதும் பள்ளிப் பாடநூல்களிலும் உள்ள செய்திகள். ஆனால் அந்தச் சிறைவாசத்துக்குத் தொடக்கமாக அமைந்தது வெட்டியெறியப்பட்ட பாய்மரம் ஒன்று என்பதும், கடலோடிகள் இக்குடாவை மரம் கிடைக்கும் கரையாக அறிந்திருந்தனர் என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

இக்கரையின் மரம் வெளிநாட்டிலும் ஊர்ப்பெயரோடு அறியப்பட்டது. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் இலங்கைத் தமிழில் சாவண்டலை என்றும் வழங்கும் மரம், தமிழ்நாட்டில் திருகோணமலை மரம் என்றே பெயர்பெற்றது. ஆங்கில வணிக ஏடுகளும் அதையே பின்பற்றின. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கரையில் மோதும் அலைகளைக் கடந்து ஆட்களையும் பொதிகளையும் கொண்டு சேர்த்தவை மசுலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அப்படகுகளுக்கு, நெகிழ்ந்து கொடுத்தாலும் பிளவுபடாத சாவண்டலைப் பலகை பொருத்தமாக இருந்தது என்று 1859இல் இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட எமர்சன் டெனன்ட் குறித்துள்ளார். முதிரையின் பெருமையும் குறைந்ததன்று. 1833 அளவில் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒற்றை வளைவாகக் கட்டப்பட்ட பாலம் முழுவதும் முதிரை மரத்தாலானது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. அந்தப் பாலத்தின் கீழே ஓடிய நீரின் ஒரு பங்குதான் பிரிந்து வெருகலில் கடலைச் சேர்கிறது.

இவ்வளவு மரமும் எப்படி வெட்டப்பட்டது என்பதே இக்கட்டுரைக்கு வேண்டிய கேள்வி. சாய்ப்பதற்குக் கோடாலி, அறுப்பதற்கு வாள். தமிழ்நாட்டில் ரம்பம் என்று சொல்லப்படும் பற்கள் கொண்ட அறுப்புக் கருவியை இலங்கைத் தமிழர் இன்றும் வாள் என்றே சொல்கின்றனர். போர்க்களத்து வாளுக்கும் மரம் அறுக்கும் வாளுக்கும் ஒரே சொல் நிற்பது, சங்கறுக்கும் கருவியையும் வாள் என்று சொன்ன பழந்தமிழ் வழக்கின் தொடர்ச்சியாகும். பெரிய குற்றியைப் பலகையாக்க நிலத்தில் ஆளுயரக் கிடங்கு ஒன்றை வெட்டி, அதன் மேல் குற்றியைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுப்பது வழக்கம். மேலே நிற்பவர் நூலடித்த கோட்டிலிருந்து வாள் விலகாமல் பார்த்துக்கொள்ள, கீழே நிற்பவர் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் கொட்டக் கொட்ட இழுத்துக்கொண்டிருப்பார். பாலை, முதிரை போன்ற வைரக்கட்டைகளில் இந்த வேலை மிகவும் மெதுவாகவே நகர்ந்தது. பல்லுக்கு அரம் போடுவதிலேயே நாளின் ஒரு பகுதி கழிந்தது. அந்த மந்தம் உழைப்பாளிக்குக் கொடுமையாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அதே மந்தந்தான் காட்டுக்குக் காப்பாகவும் இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

வெருகலின் காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர்களுள், மூதூர் முதல் வாகரை வரையான கரையோரத்தில் வாழும் வேடர் சமூகத்தினரும் அடங்குவர். தமிழைப் பேசி, சேனை செய்து, தேனெடுத்து, ஆற்றிலும் களப்பிலும் மீன்பிடித்து வாழ்ந்த அவர்களுக்குக் காடு என்பது எல்லை பிரித்துப் பத்திரம் எழுதிய சொத்தாக இருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழிசெய்தது. 1887இல் வனத் திணைக்களம் தோன்றியது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டம், எந்த மரத்தை, எங்கே, யாருடைய அனுமதியோடு வெட்டலாம் என்பதை வரையறுத்தது. தலைமுறைகளாகக் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனவர், அதன் பின் அனுமதிப் பத்திரம் இல்லாவிட்டால் குற்றவாளி ஆனார். இந்தச் சட்டங்கள் காட்டைக் காத்த அளவும், காட்டோடு வாழ்ந்தவரை அந்நியராக்கிய அளவும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

துறைமுகத்தின் பக்கத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மரத்தாலான பாய்க்கப்பல்களின் காலம் போய் நிலக்கரிக் கப்பல்களின் காலம் வந்தது. அதுவும் கழிந்து எண்ணெய்க் கப்பல்களின் காலம் வந்தபோது, 1920களிலும் 1930களிலும் பிரித்தானியர் சீனக்குடாவை அடுத்த காட்டுக்குள் பெரும் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கியொன்று பல நாள்கள் எரிந்தது. ஏனையவற்றில் 99 தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. ஆசியாவின் பெரும் எண்ணெய்க் களஞ்சியங்களுள் ஒன்றுக்கு அயலில் இருந்தபோதும், குடாவின் தென்புறத்து ஊர்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கோடும் விறகடுப்போடுமே வாழ்ந்தன. தீனி அருகில் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு என்பதற்குப் பிற்காலத்திலும் இவ்வூர்கள் பலமுறை சான்றாயின.

சங்கிலி வாளின் பிறப்பு மருத்துவமனையில் நிகழ்ந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1830 அளவில் ஜெர்மனியைச் சேர்ந்த பேர்ண்கார்ட் ஹைனே என்ற மருத்துவக் கருவியாளர், எலும்பை அறுப்பதற்காக, பற்கள் கோத்த சிறு சங்கிலியொன்று தகட்டைச் சுற்றி ஓடும் கருவியை அமைத்தார். அந்தக் கருத்தை மரத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அந்திரியாஸ் ஸ்டீல். 1926இல் அவர் செய்த மின்சார வாள் 64 கிலோ எடையுள்ளது, இருவர் தூக்கினாலன்றி நகராதது. மின்சாரம் காட்டுக்குள் இல்லை என்பதால் பெற்றோல் எஞ்சின் வந்தது. 1927இல் எமில் லெர்ப் தம் பெற்றோல் வாளை ஜெர்மனியின் டொல்மார் மலையில் ஓட்டிக் காட்டினார்; 1929இல் ஸ்டீலும் பெற்றோலுக்கு மாறினார். ஆகவே மின்சாரம் பழையது, பெற்றோல் புதியது என்பதே இக்கருவியின் உண்மையான வரிசை. காட்டில் கம்பி இல்லாத ஒரே காரணத்தால் பெற்றோல் முந்திக்கொண்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆண்டது.

அடுத்த பெரிய திருத்தம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. பழைய சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் தாடைகளை இடமும் வலமும் அசைத்து இழைக்கு எப்பக்கமாயினும் வழிசெய்துகொள்வதைக் கவனித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறி வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியை அமைத்தார். இன்று விற்பனையாகும் சங்கிலிகள் பெரும்பாலும் அந்த அமைப்பின் வழிவந்தவை. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னும் சற்றுத் தாழ்ந்த ஒரு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடே கட்டுப்படுத்துகிறது. பல் கூராக இருந்தால் மரத்திலிருந்து செதிள் செதிளாகச் சிராய் விழும். மழுங்கியிருந்தால் மாவுபோல் தூள் பறக்கும். தரையில் விழுவதைப் பார்த்தே அரம் போடும் நேரம் வந்துவிட்டது என்று அறிவது தொழிலறிந்தவரின் வழக்கம்.

1959இல் இடையில் பற்சக்கர அடுக்கு இல்லாமல் எஞ்சினே நேராகச் சங்கிலியைச் சுழற்றும் வாள்கள் வந்தபின், ஒருவர் கையாளத்தக்க எடையில் கருவி உலகெங்கும் பரவியது. இலங்கையில் 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனம் தோன்றி, அரச காடுகளிலிருந்து மரம் எடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரே, 1950களில், வெருகலுக்கு மேற்கே அல்லைக் குடியேற்றத் திட்டத்துக்காகப் பெருமளவு காடு வயலாக மாற்றப்பட்டிருந்தது. இந்தப் போக்கில் கிழக்கின் ஊர்களுக்கும் வந்துசேர்ந்த கருவி செயின் வாள் என்றும் மெசின் வாள் என்றும் பேச்சில் வழங்கலாயிற்று. வாங்கி வைப்பவர் சிலர். வாளோடு வருபவரைக் கூலிக்கு அழைப்பவர் பலர். இந்த எஞ்சினுக்குத் தனியே எண்ணெய்க் கிண்ணம் இல்லை. பெற்றோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லிலீற்றர். இந்தச் சிறு அளவைத் தவறவிட்டு வெறும் பெற்றோலை ஊற்றினால் சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறி இறுகிவிடும்.

போர்க்காலம் இந்தக் கருவியின் வளர்ச்சியை இவ்வூர்களில் நிறுத்திவைத்தது. 1990க்குப் பின் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, சாதாரணப் பற்றறியும் இருந்தது. கிழக்கிலும் அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு எரிபொருள் போவது சோதனைச் சாவடிகளைப் பொறுத்திருந்தது. இயந்திர வாள் இருந்தாலும் ஓட்ட வழியில்லாத அத்தகைய காலங்களில் கோடாலியும் கைவாளுமே மறுபடி தலையெடுத்தன. 2006 யூலையில் மாவிலாற்றின் அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில், ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தனர். 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. திரும்பி வந்தவர்களின் முதல் வேலை வளவுகளை மூடிய பற்றையை வெட்டுவதாக இருந்தது. குண்டுகள் விழுந்த நிலத்தில் அதன் பின்பு மரம் அறுப்பவருக்கு ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்தது. மரத்தில் தைத்த இரும்புச் சிதறலைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடிவிட்ட பின் வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும் சங்கிலி அதில் மோதும்போது பற்கள் ஒடியும், சங்கிலி அறுந்து கையை நோக்கித் துள்ளவும் கூடும். பட்டையில் கருமையோ வடுவோ தென்படும் கட்டையைக் கோடாலியால் கொத்திப் பார்த்த பின்பே வாளை வைப்பது அத்தகைய ஊர்களில் உயிர்காக்கும் பழக்கமாகும்.

போருக்குப் பின் பாதைகள் திறந்தன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து, முன்பு படகுப் பாதைக்காகக் காத்துக் கிடந்த வெருகல் ஆற்றின் குறுக்கேயும் பாலம் அமைந்தது. மின்னிணைப்பு வந்தது. உதிரிப்பாகமும் எண்ணெயும் கிடைக்கும் கடைகள் எட்டும் தொலைவுக்கு வந்தன. காட்டுக்கு அது நல்ல செய்தியாக மட்டும் அமையவில்லை. கருவி எளிதானபோது களவும் எளிதாயிற்று. வீட்டுவளவு மரமாயினும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. கருவியையே கட்டுப்படுத்தும் எண்ணம் பின்னர் எழுந்தது. 2018இல் சங்கிலி வாள் வைத்திருப்போர் அவற்றைப் பொலிஸ் நிலையங்களில் பதிவுசெய்ய வேண்டும் என அரசு கோரியது. 2019 யூனில் அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்யும் நோக்கமும் அறிவிக்கப்பட்டது. ஆகவே வளவுக்கு வாள் வாங்க நினைப்பவர், எந்த வகையாயினும், பதிவு பற்றிய நடைமுறையைப் பிரதேச செயலகத்திலோ பொலிஸ் நிலையத்திலோ முதலில் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

தீனியின் கதை 2022இல் மறுபடியும் உச்சத்துக்கு வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, பதுக்கலைத் தடுப்பதற்காகக் கலன்களில் எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டது. யூலையில் வாகன இலக்கத்தை அடிப்படையாகக் கொண்ட கியூஆர் அட்டை முறை வந்தது. சங்கிலி வாளுக்கு வாகன இலக்கம் இல்லை. அதற்கான பெற்றோலைக் கலனில் அல்லாமல் வேறெதில் வாங்குவது? அதே வேளையில் சமையல் எரிவாயு கிடைக்காமற்போனதால், நகரத்து வீடுகளிலும் விறகுக்குத் தேவை கூடியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படியே நாட்டின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகையே முதன்மை அடுப்பெரிபொருளாகக் கொண்டிருந்தன என்பதை நினைத்தால், விறகு வெட்டும் கருவி எவ்வளவு அடிப்படையான வீட்டுப்பொருள் என்பது விளங்கும். மின்கல வாள் அந்த நெருக்கடிக்கு முழு விடையாக இருந்திருக்கும் என்றும் சொல்ல இயலாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. ஆயினும் மின்சாரம் வந்த சில மணி நேரத்தில் மின்கலத்தை ஏற்றிவைத்துக்கொள்ள முடியும். வராத பெற்றோலை ஏற்றிவைக்க முடியாது.

மின்கல வாளை இயலச் செய்தது லிதியம் அயன் மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் அதனை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைபேசிக்கும் கணினிக்கும் பயன்பட்ட அந்த மின்கலம் மலிவும் வலுவும் பெற்ற பின், உராயும் தூரிகை இல்லாத மின்மோட்டாரோடு சேர்ந்து தோட்டக் கருவிகளுக்குள் புகுந்தது. அதன் வலுவையும் வரம்பையும் எளிய கணக்கொன்றால் காட்டலாம். 36 வோல்ட்டும் 5 அம்பியர் மணியும் கொண்ட மின்கலத்தில் 180 வாட் மணி ஆற்றல் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9,000 வாட் மணி உண்டு. ஆனால் சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடச் சங்கிலிக்குக் கொடுப்பதில்லை. மீதி சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் போகிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியை வேலையாக்கிவிடும். இந்தக் கழிவையெல்லாம் கழித்தாலும் ஒரு லீற்றர் பெற்றோல் செய்யும் வேலைக்கு அத்தகைய மின்கலங்கள் பத்து அளவில் வேண்டியிருக்கும். கூலிக்கு மரம் அறுப்பவர் நாள் முழுவதும் ஓட்டும் வேலைக்கும், வீட்டுக்காரர் ஒரு மாலையில் முடிக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

வளவில் விழுந்த மாங்கிளையையும், காய்ந்த முருங்கையையும், வேலிக் கதியாலையும் துண்டுபோட 12 அல்லது 14 அங்குலத் தகடு கொண்ட மின்கல வாள் தாராளமாகப் போதும். விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். வேலையில்லாத நேரத்தில் எரிபொருள் செலவில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பெற்றோல் வாளில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேற்றருக்குள் பழைய பெற்றோல் பசையாகப் படிந்து, வேண்டிய நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காமற்போகும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வாளெடுக்கும் வீட்டுக்கு இது பெருந்தொல்லை. மறுபுறம், மின்கலத்துக்கு வெருகலின் வெயில் பகை. தகரக் கூரையின் கீழோ வெயிலிலோ வைத்து மின்னேற்றினால் அதன் ஆயுள் குறையும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் ஆறவிட்ட பின்பே ஏற்ற வேண்டும். உலர்ந்த பாலைக்குற்றியில் வைத்தால் மின்கல வாளும் அறுக்கத்தான் செய்யும். சில வெட்டுகளிலேயே மின்கலம் இறங்கிவிடும். வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய மருதங்கட்டையின் பட்டையில் ஆற்றுமணல் புகுந்திருப்பதால், எந்த வாளின் பல்லும் அதில் விரைவில் மழுங்கும். அத்தகைய கட்டைகளைக் கழுவியோ பட்டையுரித்தோதான் அறுக்க வேண்டும். சாய்ந்த பெருமருதை அகற்றும் வேலைக்குப் பெற்றோல் வாளும் அதில் பழகிய ஆளுமே தகுதி.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. பெற்றோல் வாளின் இரைச்சல் 100 டெசிபெல்லைத் தாண்டும். 85 டெசிபெல்லுக்கு மேல் நாள் முழுவதும் கேட்டால் செவிப்புலன் கெடும் என்பது மருத்துவம் ஏற்ற அளவு. அதன் அதிர்வு ஆண்டுக்கணக்கில் கைக்கு ஏறினால் விரல்நுனிகளில் இரத்த ஓட்டம் குன்றி அவை வெளிறி மரத்துப்போகும். அதற்கு வெண்விரல் நோய் என்று பெயர். செவிக்கு உறையும் கைக்கு உறையும் இல்லாமல், செருப்போடு நின்று வாள் பிடிக்கும் தொழிலாளர் இந்தக் கேட்டை விலைகொடுத்து வாங்குகின்றனர். இந்த அளவில் மின்கல வாள் உடலுக்கு நல்லது. ஆனால் காட்டைப் பொறுத்தவரை கணக்கு மாறுகிறது. கோடாலியின் ஓசையும் பெற்றோல் வாளின் ஓலமும் நெடுந்தூரம் கேட்டன. களவாக மரம் அறுப்பவரைக் காட்டிக்கொடுத்தவற்றுள் அந்த ஓசையும் ஒன்று. அயல்வீட்டாரின் உறக்கத்தைக் கலைக்காத மெல்லிய வாள், வனக் காவலரின் காதுக்கும் எட்டாது. அரச காடும் குடிமனைகளும் அருகருகே இருக்கும் வெருகல் போன்ற பிரதேசத்தில் இது சிறிய விடயமன்று. வாளின் ஓசையை நம்பிய காவல் இனிப் போதாது; மரம் போகும் வழியிலும் மர ஆலையிலும் அனுமதிப் பத்திரத்தைச் சரிபார்க்கும் காவலே பலன்தரும்.

உலகப் போக்கு மின்கலத்தின் பக்கம் சாய்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியே, புல்வெட்டி போன்ற சிறிய பெற்றோல் எஞ்சின் கருவிகளைப் புதிதாக விற்பதை 2024 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. வெருகலுக்கு வடக்கே சம்பூரிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டு 2016இல் கைவிடப்பட்ட அவ்வூரில், 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. கப்பலுக்கு மரம், பின் நிலக்கரி, பின் எண்ணெய் என்று வெளியிலிருந்து வந்தவரின் தேவைக்கேற்ப மாறிய இக்குடாவின் கரையில், வெயிலே தீனியாகும் காலம் தொடங்குகிறது. அந்த மின்சாரம் இங்குள்ள வீடுகளுக்குத் தடையின்றியும் தாங்கும் விலையிலும் வந்துசேர்ந்தால், மின்கல வாளுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பாதி தானாகவே விலகிவிடும்.

இன்றைய நிலையில் சொல்லத்தக்க முடிவு இதுதான். வளவில் மாவும் முருங்கையும் வேம்பும் மட்டும் உள்ள வீட்டுக்கு மின்கல வாளும் ஒரு மேலதிக மின்கலமும் போதும். பாலையையும் மருதையும் அறுப்பவருக்கும், கூலித்தொழிலாக நாள் முழுவதும் வாள் பிடிப்பவருக்கும் பெற்றோல் வாள் இன்னும் சில காலம் தவிர்க்க முடியாதது. அவர்களுக்குச் செவியுறையும் பாதுகாப்புக் காலணியும் வாளின் விலையோடு சேர்ந்த செலவாகக் கருதப்பட வேண்டும். எதை வாங்கினாலும் பழைய கோடாலிக்குப் புதுக் காம்பு போட்டு வீட்டில் வைத்திருப்பது நல்லது. 1990களிலும் 2006இலும் 2022இலும் இவ்வூர்களின் அடுப்பு அணையாமல் இருந்ததற்குப் பெற்றோலும் மின்சாரமும் வேண்டாத அந்தக் கருவியும் ஒரு காரணம்.